அடுக்குக் குறைகடத்திகளுக்குச் சுருதி சேர்ப்பது எப்படி: அலைநீளம் முதல் ஒளி உணரி வரை

வைகாசியில் ஒரு படலம் செய்தோம். சுத்தமான மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற அடுக்குக் குறைகடத்தி, கண்ணாடித் துண்டின் மேல். மின்தடையை அளந்து நோட்டில் எழுதி வைத்தாயிற்று. அப்புறம் தேர்வு, விடுமுறை, கருவி பழுது என்று நாள் ஓடி, நயோபியம் கலந்த இரண்டாவது படலம் தயாரானபோது ஐப்பசி வந்துவிட்டது. புதுச்சேரிக் கடலோரம், காலாப்பட்டுப் பக்கம் ஐப்பசி என்றால் சுவரே வியர்க்கும். இரண்டாவது படலத்தின் மின்தடை பல மடங்கு அதிகம். நயோபியம் எலக்ட்ரான்களைக் குறைத்துவிட்டது என்று எங்களுக்கு ஒரே குஷி. கட்டுரைக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டோம். அப்போது எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன் கேட்டான்: “அக்கா, பழைய துண்டை இன்னிக்கு ஒரு தடவை அளந்து பாத்தீங்களா?”

அளந்தோம். அதுவும் ஏறியிருந்தது, கிட்டத்தட்ட அதே அளவுக்கு. நயோபியம் செய்தது கொஞ்சம். கடற்காற்று செய்தது மீதி.

இந்த வழிகாட்டியை எழுத அந்தக் கேள்விதான் காரணம். அடுக்குக் குறைகடத்தியின் பண்பை மாற்றுவது கடினமே இல்லை. மூச்சு விட்டாலே மாறும். மாற்றியது நாம்தானா, வேறெதுவுமா என்று காட்டுவதில்தான் முக்கால்வாசி உழைப்பு போகிறது. புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் பக்கம் எம்.எஸ்சி. திட்டப்பணிக்கோ ஆய்வுப் படிப்பின் முதல் ஆண்டுக்கோ இந்தத் துறையைத் தொடுகிறவர்களை மனதில் வைத்து, ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை எப்படிக் கொண்டு போவது என்று சொல்கிறேன். எலக்ட்ரான் வோல்ட் என்பதை ‘எவோ’ என்றும், மாலிப்டினம் டைசல்ஃபைடை ‘மாலி’ என்றும் சுருக்கிக்கொள்கிறேன். மெக்கானிக் கடையில் மாலி கிரீஸ் என்று கறுப்பாக ஒன்று இருக்குமே, அதில் கலந்திருப்பதும் இதே பொருள்தான்.

முதலில் அலைநீளம், அப்புறம்தான் பொருள்

பலரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். “சார் டங்ஸ்டன் டைசெலினைடு கொடுத்தார், இதை வைத்து என்ன செய்யலாம்?” என்று. அப்படியில்லாமல், எந்த ஒளி வேண்டும் என்பதை ஒரு எண்ணாக எழுதுங்கள். நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் 1240ஐ வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எவோவில் கிடைக்கும். 700 நானோமீட்டர் என்றால் 1.77 எவோ.

இங்கே ஒரு வேறுபாடு. எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கும் இணைதிறன் பட்டைக்கும், அவை ஓடித் திரியும் கடத்து பட்டைக்கும் நடுவே உள்ள ஆற்றல் வித்தியாசம்தான் ஆற்றல் இடைவெளி. ஒளியை உமிழும் சாதனம் என்றால் அது அந்த எண்ணிலேயே நிற்க வேண்டும். உணரி என்றால் இடைவெளி அந்த எண்ணுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ இருந்தால் போதும். ரொம்பக் கீழே போனால் அறை வெப்பமே எலக்ட்ரான்களைத் தூக்கிவிட்டு, இருட்டிலும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.

எண் கையில் வந்ததும் பொருள்களைப் பாருங்கள். ஒற்றை அடுக்கில் ஒளி உமிழும் ஆற்றல் தோராயமாக இப்படி: டங்ஸ்டன் டைசல்ஃபைடு 2.0, மாலி 1.85, டங்ஸ்டன் டைசெலினைடு 1.65, மாலிப்டினம் டைசெலினைடு 1.55, மாலிப்டினம் டைடெலுரைடு 1.1 எவோ. இண்டியம் செலினைடு கட்டியாக இருக்கும்போது 1.26 எவோ, மெலிய மெலிய ஏறும். கறுப்புப் பாஸ்பரஸ் கட்டியில் 0.3 எவோ, அதாவது அகச்சிவப்பில் 4 மைக்ரான் வரை எட்டும். ஆனால் அது காற்றுப் பட்டாலே ஆக்சைடாகிவிடும். நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டி இல்லாத லேபில், அதுவும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கறுப்புப் பாஸ்பரஸை எடுக்காதீர்கள்.

காக்காப்பொன் சொல்லும் பாடம்

சின்ன வயதில் காக்காப்பொன்னை நகத்தால் உரித்திருப்பீர்கள். ஏடு ஏடாக, கண்ணாடி மாதிரி வரும். ஏட்டுக்குள் பிணைப்பு பலமானது, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையில் பலவீனமானது. மாலியும் அந்த ஜாதிதான். நடுவில் மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம் என்று மூன்று அணு வரிசை சேர்ந்தது ஓர் அடுக்கு. அடுத்த அடுக்கு 0.615 நானோமீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டையும் வான் டெர் வால்ஸ் விசை மட்டுமே பிடித்திருக்கிறது. 2004இல் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டை உரித்து கிராஃபீனை எடுத்து, 2010இல் நோபல் வாங்கினார்கள். அதே 2010இல்தான் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், மாலியை ஒற்றை அடுக்காக்கினால் கட்டியில் மங்கிக் கிடந்த ஒளிர்வு திடீரென்று பளிச்சிடுவதைக் கண்டன.

ஏன் பளிச்சிடுகிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாமே இதிலிருந்து வரும், அதனால் கொஞ்சம் நிதானமாக.

கட்டி மாலியில் இணைதிறன் பட்டையின் உச்சி, பிரில்லூவான் மண்டலத்தின் (படிகத்துக்குள் எலக்ட்ரானின் உந்தங்களைக் காட்டும் வரைபடம்) மையத்தில் இருக்கிறது. அந்தப் புள்ளிக்குப் பெயர் காமா. கடத்து பட்டையின் அடி வேறோர் இடத்தில். உந்தம் பொருந்தாததால், எலக்ட்ரான் இறங்கி வந்து ஒளியாக மாற ஃபோனான் என்ற படிக அதிர்வு ஒன்றின் துணை தேவை. அதனால்தான் மங்கல். இந்த மறைமுக இடைவெளி சுமார் 1.3 எவோ. இப்போது காமாவில் இருக்கும் எலக்ட்ரான் நிலைகளைப் பாருங்கள்: அவற்றில் கந்தகத்தின் செங்குத்து பி-ஆர்பிட்டால்களின் பங்கு கணிசம். அவை அடுக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்து அடுக்கின் கந்தகத்தோடு உரசுகின்றன. அந்த உரசலில்தான் காமா உச்சி மேலே தள்ளப்படுகிறது. பக்கத்து அடுக்கை எடுத்துவிட்டால் உரசல் இல்லை, உச்சி இறங்கிவிடும். மண்டலத்தின் மூலையில், கே என்ற புள்ளியில் இருப்பவையோ மாலிப்டினத்தின் டி-ஆர்பிட்டால்கள். இவை அடுக்கின் நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருப்பவை. பக்கத்தில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அசைவதில்லை. ஆக, ஒற்றை அடுக்கில் உச்சியும் அடியும் இரண்டுமே கே புள்ளியில் வந்து சேர்கின்றன. நேரடி இடைவெளி.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி: அடுக்கு எண்ணிக்கையை மாற்றினால் மறைமுக இடைவெளி நிறைய நகரும், நேரடித் தாவல் மிகக் கொஞ்சமே நகரும். புற ஊதா–கண்ணுறு நிறமாலையில் 670 நானோமீட்டர் அருகே தெரியும் முகடு நேரடித் தாவலுடையது. அது நகரவில்லை என்பதால் உங்கள் ஏடுகள் மெலியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று. மெல்லிய அடுக்கில் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலி இடம்) எக்சிட்டான் என்ற ஜோடியாக இறுக்கமாகப் பிணைந்திருக்கும். பிணைப்பு ஆற்றல் சில நூறு மில்லி எவோ; அறை வெப்பத்தின் 26 மில்லி எவோவால் அதை அசைக்க முடியாது. அதனால் ஒளியால் அளக்கும் இடைவெளி வேறு, மின்னோட்டத்துக்கான இடைவெளி வேறு. ஆய்வறிக்கையில் வெறுமனே ‘இடைவெளி’ என்று எழுதினால், நேர்முகத் தேர்வில் இது கட்டாயம் கேள்வியாக வரும்.

கணினியில் ஒரு வாரம்

ரசாயனம் வாங்கும் முன் கணக்கிட்டுப் பாருங்கள். எலக்ட்ரான் பட்டைகளைக் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெசோ என்ற மென்பொருள் இலவசம். ஒற்றை அடுக்கு மாலிக்கு மூன்றே அணுக்கள், சாதாரண கணினியே போதும். பக்கக் கட்டம், அதாவது அடுக்குக்குள் ஒரே அமைப்பு திரும்ப வரும் தூரம், 3.16 ஆங்ஸ்ட்ராம். செங்குத்துத் திசையில் குறைந்தது 15 ஆங்ஸ்ட்ராம் வெற்றிடம் விடுங்கள், இல்லாவிட்டால் மென்பொருள் மேலும் கீழும் நகலெடுத்து வைக்கும் தன் பிம்பத்தோடு அடுக்கு பேசிக்கொள்ளும். கணக்கிடும் உந்தப் புள்ளிகளின் கே-வலை 12க்கு 12க்கு 1. இரண்டு அடுக்கோ அதற்கு மேலோ போனால் வான் டெர் வால்ஸ் திருத்தத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மறந்தால் அடுக்குகள் விலகிப் போய், நீங்கள் கணக்கிடுவது இரண்டு அடுக்கு அல்ல, இரண்டு ஒற்றை அடுக்குகள். ஸ்பின்–சுற்றுப்பாதை இடைவினையைச் சேர்த்தால் கே புள்ளியில் இணைதிறன் பட்டை 0.15 எவோ பிளவுபடும். டங்ஸ்டன் டைசல்ஃபைடில் இது 0.4க்கும் மேல். நிறமாலையில் இரட்டை முகடு தெரிவது இதனால்தான்.

ஒரு பொறி உண்டு. இந்தக் கணக்குகளுக்கு வழக்கமாக எடுக்கும் பிபிஇ என்ற தோராய முறை ஒற்றை அடுக்குக்கு ஏறக்குறைய 1.7 எவோ தரும். ஒளிர்வில் அளந்தது 1.85. “கணக்கும் அளவும் நன்றாகப் பொருந்துகின்றன” என்று எழுதாத ஆய்வறிக்கையே இல்லை எனலாம். உண்மையில் பிபிஇ மின் இடைவெளியை நிறையக் குறைத்துச் சொல்கிறது. எக்சிட்டான் பிணைப்பு ஒளி இடைவெளியை அதே மாதிரிக் குறைக்கிறது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கட்டிக்கு வரும்போது குட்டு வெளிப்படும்: பிபிஇ 0.9 சொல்லும், அளவு 1.3. ஆகவே பிபிஇயைப் போக்கு பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். திரிபு கொடுத்தால், அதாவது இழுத்து நீட்டினால், ஏறுமா இறங்குமா, செலினியம் கலந்தால் எவ்வளவு நகரும், இந்த மாதிரிக் கேள்விகளுக்கு அது நம்பகமானது.

அப்புறம், நீண்ட கணக்கை யூபிஎஸ் இல்லாத கணினியில் ஓட்டாதீர்கள். மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்பது எந்தச் சமன்பாட்டிலும் இல்லை.

பொருள் செய்வது

எளிய வழி டேப். தடிமனான படிகத்தை டேப்பில் ஒட்டி, மடித்து, பிரித்து, எட்டுப் பத்து முறை. பிறகு 90 அல்லது 300 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கான் துண்டின் மேல் அழுத்தி, 100 டிகிரியில் ஓரிரு நிமிடம் சூடாக்கி, மெதுவாக உரியுங்கள். இந்த ஆக்சைடு தடிமன் முக்கியம். ஒளிக் குறுக்கீட்டால் ஒற்றை அடுக்குகூட நுண்ணோக்கியில் தெரிவது அந்தத் தடிமன்களில்தான். தடித்த ஏடுகள் மஞ்சளாகவோ வெள்ளியாகவோ மின்னும், மெலிந்தவை நீலம். ஒற்றை அடுக்கு பின்னணி ஊதாவிலிருந்து லேசாகத்தான் வேறுபடும். முதல் நாள் கண்ணில் படாது. மூன்றாம் நாள், பூ கட்டுகிறவருக்கு அரும்பு தெரிவது போல, தானாகத் தெரியும்.

படலம் வேண்டுமென்றால் திரவத்தில் உரிப்பது நல்லது. எத்தனாலும் நீரும் கலந்த கரைசலில் மாலிப் பொடியைப் போட்டு மீயொலித் தொட்டியில் சில மணி நேரம். தனி எத்தனாலோ தனி நீரோ வேலை செய்யாது. பருமனில் 45 விழுக்காடு எத்தனால் இருந்தால் பரப்பு இழுவிசை பொருந்தி ஏடுகள் மிதக்கும். புதுச்சேரியில் ஆல்கஹாலுக்கா பஞ்சம் என்று சிரிக்காதீர்கள். லேபுக்குத் தூய எத்தனால் வாங்கக் கலால் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும். நாங்கள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் நீரையும் கலந்து காரியத்தை முடித்தோம். தொட்டி நீர் சூடேறும், அரைமணிக்கு ஒருமுறை பனிக்கட்டி போடுங்கள். பிறகு மையவிலக்கில் நிமிடத்துக்கு 1500 முதல் 3000 சுற்றில் சுழற்றி, மேலே நிற்கும் பச்சை கலந்த நீரை மட்டும் எடுங்கள். அதை வடிதாளில் வடித்தோ சூடான கண்ணாடியில் தெளித்தோ படலமாக்கலாம்.

படிகமே கைவசம் இல்லையென்றால், மூடிய அழுத்தக் கலனில் சூடாக்கும் ஆட்டோகிளேவ் முறை. ஒரு மில்லிமோல் சோடியம் மாலிப்டேட் டைஹைட்ரேட் என்றால் 0.24 கிராம், தயோயூரியா ஐந்து மில்லிமோல், 0.38 கிராம். இரண்டையும் 70 மில்லி நீரில் கரைத்து, 100 மில்லி டெஃப்லான் குடுவையில் ஊற்றி, 200 டிகிரியில் 24 மணி நேரம். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முழுக்க ஆறிய பின்பே, அதுவும் புகைக் கூண்டுக்குள் திறவுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு, விளையாட்டில்லை. கிடைக்கும் கறுப்புப் பொடியை எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் பாருங்கள். 14.4 டிகிரியில் முகடு வந்தால் அடுக்கு இடைவெளி சரியானது. 9 அல்லது 10 டிகிரிக்கு இறங்கியிருந்தால் அடுக்குகளுக்கு நடுவே அம்மோனியம் புகுந்திருக்கிறது, அதோடு அணுக்கள் வேறு மாதிரி அடுங்கிய, உலோகத்தன்மையுள்ள 1டி நிலையும் கலந்திருக்கலாம். வினையூக்கி செய்கிறவர்களுக்கு அது வரம். ஒளி உணரி செய்கிற உங்களுக்குச் சனியன். ஆர்கானில் 300 டிகிரிக்கு மேல் பதப்படுத்தி, குறைகடத்தியான 2எச் நிலைக்குத் திருப்புங்கள்.

வாயுப் படிவு முறையில் பெரிய ஒற்றை அடுக்கு முக்கோணங்கள் கிடைக்கும். ஆனால் குழாய் உலை, வாயு ஓட்டம், கந்தகத்தின் வெப்பநிலை என்று பிடிபடவே ஆறு மாதம் ஆகும். ஆறு மாதத் திட்டப்பணிக்கு ஏற்றதல்ல.

பிரடையும் மணியும்

தம்பூராவில் சுருதி சேர்க்கும்போது முதலில் பிரடையைத் திருகி ஏறக்குறைய கொண்டுவந்து, பிறகு தந்திக்கடியில் மணியை நகர்த்தி நுணுக்கமாகச் சேர்ப்பார்கள். இங்கேயும் அதே வரிசைதான். தடிமனும் உலோகக் கலப்பும் பிரடை. திரிபும் மின்னூட்டமும் மணி. மணியால் சேர்க்க வேண்டியதைப் பிரடையால் சேர்க்கப் போனால் தந்தி அறும்.

கலப்பு. 700 நானோமீட்டரில் ஒளிரும் ஒற்றை அடுக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், 1.77 எவோ. கந்தகத்துக்குப் பதில் செலினியத்தை முழுக்கப் போட்டால் 1.85லிருந்து 1.55க்கு இறங்கும். ஏறக்குறைய நேர்கோடு. நமக்குத் தேவை 0.08 இறக்கம், மொத்தம் 0.30இல் அது 27 விழுக்காடு. ஆக நூறு கந்தக இடங்களில் 27இல் செலினியம். சரிபார்க்க இன்னொரு கை உண்டு: பக்கக் கட்டம் 3.16லிருந்து 3.29க்குப் போகும் வழியில், 27 விழுக்காட்டில் 3.195 ஆங்ஸ்ட்ராமில் நிற்க வேண்டும். ஒளிர்வு ஒரு விகிதத்தையும் விளிம்பு விளைவு வேறு விகிதத்தையும் சொன்னால், செலினியம் சீராகக் கலக்கவில்லை, திட்டுத் திட்டாக இருக்கிறது என்று பொருள்.

உலோகத்தை மாற்றினால் கதை வேறு. மாலிப்டினத்தின் இடத்தில் டங்ஸ்டன் சேர்த்தால் இடைவெளி நேராக ஏறும் என்று நினைப்போம். ஏறாது. முதலில் சற்று இறங்கி, 20 விழுக்காடு டங்ஸ்டன் அருகே 1.82 எவோவைத் தொட்டு, பிறகுதான் 1.99க்கு ஏறும். கடத்து பட்டையின் அடியைக் கொஞ்சமே மீந்திருக்கும் மாலிப்டினம்கூடப் பிடித்து வைத்துக்கொள்கிறது. டங்ஸ்டனின் பாதிப்பு முதலில் இணைதிறன் பட்டையில்தான் தெரியும். இது தெரியாமல், “பத்து விழுக்காடு டங்ஸ்டன் போட்டோம், எதிர்த்திசையில் நகர்கிறது, பொருள் கெட்டுவிட்டது” என்று மாதிரியைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. செலினியத்தைவிட டங்ஸ்டனே நம் லேப்களுக்குப் பாதுகாப்பு. செலினியத்தைக் கரைக்க ஹைட்ரசீன் தேவைப்படும், கவனம் தப்பினால் வரும் ஹைட்ரஜன் செலினைடு ஹைட்ரஜன் சல்ஃபைடைவிடக் கொடியது. நல்ல புகைக் கூண்டும் கூடவே இருக்கும் சீனியரும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

திரிபு. இதற்கு ஓஎச்பி ஷீட் போதும். வகுப்பறைகளில் ஒரு காலத்தில் குவிந்து கிடந்ததே, அதே பாலியெஸ்டர் தாள், தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஒற்றை அடுக்கை அதன் மேல் மாற்றி, 10 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடிக் குச்சியில் சுற்றுங்கள். வெளிப்பக்கத் திரிபு என்பது தாள் தடிமனை ஆரத்தின் இருமடங்கால் வகுத்தது: 0.1ஐ 10ஆல் வகுத்தால் ஒரு விழுக்காடு. ஒரே திசையில் ஒரு விழுக்காட்டு இழுப்புக்கு ஒற்றை அடுக்கு மாலியின் ஒளிர்வு 45 மில்லி எவோ இறங்கும். 670 நானோமீட்டர் முகடு 687க்கு நகரும். சிறிய நிறமாலைமானியிலேயே பார்க்கலாம். முகடு நகரவே இல்லையென்றால் ஏடு தாளின் மேல் வழுக்குகிறது. விளிம்புகளை மெல்லிய பாலிமர் பூச்சால் பிடித்துவிட்டு மறுபடி வளையுங்கள். நிமிர்த்திய பின் முகடு பழைய இடத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் நீங்கள் அளந்தது திரிபை அல்ல, விரிசலை.

மின்னூட்டம். மாலியில் கந்தக வெற்றிடங்கள் இயல்பாகவே இருக்கும்; நாம் எதுவும் சேர்க்காமலேயே எலக்ட்ரான் மிகுந்த என்-வகையாக நடந்துகொள்ளும். நயோபியம் போட்டால் எலக்ட்ரான் குறையும், ரீனியம் போட்டால் கூடும். ஆனால் காற்றும் இதே வேலையைச் செய்கிறது. மேற்பரப்பில் வந்து ஒட்டும் ஆக்சிஜனும் நீரும் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கின்றன. வெற்றிடத்தில் சூடாக்கிச் சுத்தம் செய்த ஒற்றை அடுக்கின் மேல் இந்த வாயுக்களை விட்டபோது ஒளிர்வு 100 மடங்கு வரை கூடியதை 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. எலக்ட்ரான் மிகுந்திருக்கையில் எக்சிட்டானோடு இன்னோர் எலக்ட்ரான் ஒட்டி டிரையானாகி, 30–40 மில்லி எவோ கீழே மங்கலாக ஒளிரும். எலக்ட்ரான் போனதும் எக்சிட்டான் தனியாகிப் பளிச்சிடும். எங்கள் ஐப்பசிக் கூத்துக்குக் காரணம் இந்த வகைதான். அதனால் கலப்பு செய்த மாதிரியையும் செய்யாததையும் ஒரே நாளில், ஒரே மேடையில், அடுத்தடுத்து அளந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு ஈரப்பதமானி இருக்கட்டும், எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

மின்புலத்தால் இரட்டை அடுக்கின் இடைவெளியைக் குறைக்கலாம், ஆனால் அதற்கு மேலும் கீழும் மின்வாய் வேண்டும்; தூய அறை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். இரு வேறு பொருள்களை ஒன்றின் மேல் ஒன்று வைப்பது இன்னொரு உலகம். மாலிப்டினம் டைசெலினைடின் மேல் டங்ஸ்டன் டைசெலினைடை வைத்தால் எலக்ட்ரான் ஓர் அடுக்கிலும் துளை மறு அடுக்கிலும் பிரிந்து நின்று, 1.4 எவோ அருகே புதிதாக ஓர் ஒளிர்வு வரும். அது இரண்டு பொருளுக்கும் தனித்தனியாக இல்லாத நிறம். கோணத்தைத் திருப்பினாலும் மாறும்.

அளக்கும்போது ஏமாறாமல் இருக்க

முதலில் ராமன் நிறமாலை. லேசர் ஒளி பட்டுச் சிதறும்போது, அணுக்களின் அதிர்வு அதில் முகடாகத் தெரியும். நம் ஊர்க்காரர் 1928 பிப்ரவரி 28இல் கண்டது, நூறாண்டு ஆகப்போகும் நேரத்தில் ஓர் அணு அடுக்கை எண்ணப் பயன்படுகிறது. மாலிக்கு இரண்டு முகடுகள்: 385 அருகே ஒன்று, 404 அருகே ஒன்று, செ.மீ.⁻¹ அளவில். நடு இடைவெளி ஒற்றை அடுக்கில் 18–19, இரட்டையில் 21–22, கட்டியில் 25–26. ஆறேழு அடுக்குக்கு மேல் இந்த அளவுகோல் பயன்படாது. ஒவ்வொரு முறையும் அதே நிறமாலையில் சிலிக்கானின் 520.5 முகட்டையும் எடுத்து அச்சைச் சரிசெய்யுங்கள். லேசர் திறனை ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே வையுங்கள். அதிகம் வைத்தால் ஏடு சூடாகி முகடுகள் இறங்கும், நீங்கள் அதைத் திரிபு என்று எழுதுவீர்கள்.

இரண்டு முகடுகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதுதான் நமக்குக் கைகொடுப்பது. அணுக்கள் பக்கவாட்டில் ஆடும் 385 முகடு திரிபுக்கு அதிகம் அசையும். செங்குத்தாக ஆடும் 404 முகடு மின்னூட்டத்துக்கு அசையும். ஒற்றை அடுக்கு டிரான்சிஸ்டரில் எலக்ட்ரானை ஏற்ற ஏற்ற இந்த இரண்டாவது முகடு மட்டும் சுமார் 4 செ.மீ.⁻¹ இறங்குவதை பெங்களூரு ஐஐஎஸ்சியில் ஏ.கே. சூட் குழு 2012இல் காட்டியது. ஆக எது நகர்ந்தது என்பதே எந்தத் திருகாணி திரும்பியது என்று சொல்லிவிடும். அன்று ஐப்பசியில் எங்களிடம் ராமன் எடுத்திருந்தால், தம்பி கேட்கும் முன்பே தெரிந்திருக்கும்.

கருவி இல்லையே என்று தயங்க வேண்டாம். காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் மையக் கருவிக்கூடங்கள் உண்டு. ஈசிஆரில் வடக்கே போனால் கோகிலமேட்டில் யூஜிசி–டிஏஇ கூட்டமைப்பின் கல்பாக்கம் மையம் இருக்கிறது. போன் செய்து, எந்தக் கருவி இப்போது இயங்குகிறது, எந்த லேசர், மாதிரி எந்த வடிவில் வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பஸ் ஏறிப் போய், “லேசர் சர்வீசுக்குப் போயிருக்கு, அடுத்த மாசம் வாங்க” என்ற பதிலோடு திரும்பிய அனுபவம் எனக்கு இருக்கிறது.

அடுத்து, உறிஞ்சுகையிலிருந்து இடைவெளியைக் கண்டுபிடிக்கப் போடும் டாக் வரைபடம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. உறிஞ்சுகையை ஆற்றலால் பெருக்கி, நேரடி இடைவெளி என்றால் இருபடியும் மறைமுகம் என்றால் வர்க்கமூலமும் எடுத்து, நேர்கோட்டை அச்சுவரை இழுப்போம். சிக்கல் என்னவென்றால், மாலித் தரவை எந்தப் படிக்கு உயர்த்தினாலும் எங்கேயாவது நேராகத் தெரியும் ஒரு துண்டு அகப்படும். ஸ்கேலை எங்கே வைப்பது என்பது நம் விருப்பம். வேண்டிய விடை வரும் இடத்தில் கை தானாகப் போய் நிற்கும். போதாததற்கு 670, 610 நானோமீட்டரில் எக்சிட்டான் முகடுகள் உட்கார்ந்திருக்கின்றன. டாக் முறையின் கணிதத்தில் எக்சிட்டானுக்கு இடமே இல்லை. மிதக்கும் ஏடுகள் ஒளியைச் சிதறடிப்பதும் உறிஞ்சுகையாகப் பதிவாகும். என் யோசனை: டாக் எண்ணைத் தனியாக நம்பாதீர்கள். எக்சிட்டான் முகட்டின் இடத்தை நேரடியாகக் குறியுங்கள், அல்லது நிறமாலையின் இரண்டாம் வகைக்கெழுவை எடுங்கள். மாதிரிக்கு மாதிரி அந்த முகடு எவ்வளவு நகர்ந்தது என்பது, இடைவெளி இவ்வளவு என்ற தனி எண்ணைவிட நேர்மையான தகவல்.

உணரி

படலத்தின் மேல் இரண்டு வெள்ளிப் பசைப் பொட்டுகள், நடுவே ஒரு மில்லிமீட்டர் இடம். முதலில் இருட்டில் மின்னோட்டம்–மின்னழுத்தக் கோடு எடுங்கள். அது வளைந்தால் தொடுமுனையில் தடுப்பரண் இருக்கிறது; நீங்கள் அளக்கப்போவது மாலியை அல்ல, வெள்ளிக்கும் மாலிக்கும் இடையிலான சண்டையை. தங்கம் ஆவிப்படிவு செய்ய வழியிருந்தால் செய்யுங்கள்.

பிறகு ஒளி. 650 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, படலத்தின் மேல் விழுவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிவாட் என்று வைப்போம். உணரும் பரப்பு ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர், 0.01 சதுர சென்டிமீட்டர். ஆக உள்ளே போகும் திறன் 10 மைக்ரோவாட். ஒளி பட்டதும் மின்னோட்டம் 2 மைக்ரோ ஆம்பியர் கூடினால், ஏற்புத்திறன் வாட்டுக்கு 0.2 ஆம்பியர். அதை 1240ஆல் பெருக்கி 650ஆல் வகுத்தால் 0.38, நூறு ஃபோட்டானுக்கு 38 எலக்ட்ரான். எல்இடியின் மொத்தத் திறனைப் போட்டு வகுப்பதும், கண்ணாடி முழுவதையும் பரப்பாக எடுத்துக்கொள்வதும் இங்கே அடிக்கடி நடக்கும் பிழைகள்.

பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 2013இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் ஒற்றை அடுக்கு மாலி உணரி வாட்டுக்கு 880 ஆம்பியர் தந்தது. துளைகள் பொறிகளில் சிக்கிக்கொண்டு எலக்ட்ரானைத் திரும்பத் திரும்பச் சுற்ற விடுவதால் கிடைக்கும் பெருக்கம் அது. விலையாக, ஒளி நின்ற பின் மின்னோட்டம் இறங்க வினாடிக்கணக்கில் ஆயிற்று. மங்கிய ஒளியைப் பார்க்க அது போதும். டிவி ரிமோட்டின் சமிக்ஞையைப் படிக்க உதவாது. ஆகவே ஏற்புத்திறனோடு ஏறும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். எல்இடியை அணைத்த பின் மின்னோட்டம் நிமிடக்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தால், வெப்பமும் காரணமாக இருக்கலாம். ஒளியின் தீவிரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், துடிப்பைச் சுருக்கிப் பாருங்கள், ஒரே படலத்தை உலர்ந்த நைட்ரஜனிலும் சாதாரணக் காற்றிலும் வைத்துப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து சொல்லிவிடும்.

மாதிரியை வைக்கும் இடம்

டெசிக்கேட்டரில், அதாவது ஈரம் உறிஞ்சும் ஜெல் போட்ட மூடிய ஜாடியில், வையுங்கள், ஆய்வறிக்கை முடியும்வரை ஒரு துண்டைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். அதுதான் பழைய துண்டு. புது மாதிரியை அளக்கும் ஒவ்வொரு நாளும் அதையும் அளக்க வேண்டும். நீலச் சிலிக்கா ஜெல் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாளில் இளஞ்சிவப்பாகிவிடும். தூக்கி எறியாதீர்கள். தட்டில் பரப்பி 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். எங்கள் லேபில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெல் வறுப்பது அந்தத் தம்பியின் வேலை. அவன் போன பிறகு இப்போது என் வேலை.